முப்பத்தேழாவது ஆள்

முப்பத்தேழு பேர் மிச்சம்.
முப்பத்தாறு பேருக்குத்தான் பணம்.
இந்த நேரத்துக்குக் குமிழி என்று பெயர்.
வைத்தவன் தெரிந்துதான் வைத்திருக்கிறான்,
யாரும் சத்தமாகத் தும்முவதுகூட இல்லை.

நான் சீட்டுப் போடுகிறவன்.
ரீனோ நகரம், பிப்ரவரி,
இரவு ஒன்று நாற்பது.
யார் ஜெயித்தாலும் எனக்கு மணிக்கூலி.
கறுப்புச் சட்டை, இடது மணிக்கட்டில் வலி,
கை நடக்கும்போது வாய் திறக்கக் கூடாது.

ஐந்து மேசையும் ஒரே சீராகப் போக வேண்டும்.
ஒரு கை முடிந்தால்
மற்றவர்கள் முடிக்கும்வரை காத்திருப்பு.
காத்திருக்கையில் பார்ப்பேன்:
மூன்றாம் நாற்காலிக்காரர்
கழிப்பறைக்கு எழாமல் காலை ஆட்டுகிறார்.
ஏழாம் நாற்காலி தன் ஐந்து சில்லுகளை
எண்ணி எண்ணி ஆறாக்கப் பார்க்கிறது.
எச்செவெரி மட்டும் சிரிக்கிறான்.
ஸ்பார்க்ஸில் டயர் கடை.
சில்லுகளையும் டயர் மாதிரிதான் அடுக்குவான்.
கைக்குக் கை மொத்தத்தையும் தள்ளுகிறான்,
கைக்குக் கை எல்லோரும் மடிக்கிறார்கள்.
பிறர் பயத்துக்கு வாடகை வாங்குகிறான்.

ஐந்தாம் நாற்காலியில் மார்லிஸ் ட்வைட்.
டானர் கணவாயில்
பனி தள்ளும் லாரி ஓட்டுகிறாள்.
"எனக்கு இன்று விடுப்பு,
வானத்துக்கு இல்லை" என்றாள் மதியம்,
உட்காரும்போது.

அவளுக்கு இரண்டு சீட்டு எறிந்தேன்.
கட்டைவிரலால் ஓரத்தைத் தூக்கினாள்,
வண்டிக்கடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று
குனிந்து பார்ப்பதுபோல.
வைத்தாள்.
மறுபடி பார்க்கவில்லை.
மறுபடி பார்க்காதவர்களை எனக்குத் தெரியும்.

எச்செவெரி தள்ளினான்.

மடிக்கலாம்.
மடித்தால் ஒருவருக்கும் தெரியாது.
இன்னும் பத்து நிமிடத்தில்
ஏழாம் நாற்காலி தானே எழுந்து போகும்,
அறுநூறு டாலர் கைக்கு வரும்.
மோதினால்
ஐந்தில் நாலு தடவை அவள்தான்.
நாலும் வெறும் கணக்கு.
ஐந்தாவதுக்குத்தான் முகம் இருக்கிறது.

பனிச்சுவர் மேல் வண்டியை ஏற்றுகிறவள்
எவ்வளவு நேரம் யோசிப்பாள்?
நான் நினைத்ததைவிட அதிகம்.
தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகினாள்,
திறந்தாள், குடிக்கவில்லை, மூடினாள்.
"சரி."

இஸ்பேட் ஏஸ். ஆட்டீன் ஏஸ்.
எச்செவெரியிடம் இரண்டு ஒன்பது.
அவன் சிரிப்பு
இறங்க இடம் தெரியாமல் முகத்திலேயே நின்றது.

ராஜா, நாலு, இரண்டு.
பிறகு ஒரு ஜாக்கி.
ஒரு சீட்டைக் கவிழ்த்து ஒதுக்கினேன்,
கடைசியைத் திருப்பினேன்.
கிளாவர் ஒன்பது.

என் விரல்கள்தான்.
வேறு யார் விரலும் அந்தக் கட்டைத் தொடவில்லை.

அவள் திட்டவில்லை.
மேசையை இரண்டு முறை தட்டினாள்,
கோட்டின் ஒரு கையை மாட்டினாள்.
மறு கையைத் தேடும்போது
மூன்றாம் மேசையிலிருந்து குரல்:
"இங்கேயும் ஒருவர் அவுட்!"

ஒரே கையில் இரண்டு மேசையில் இருவர் போனால்
கடைசிப் பரிசை ஆளுக்குப் பாதி.
விதி அப்படி.
அறை முழுக்கக் கைதட்டல்,
பிழைத்தவர்கள் தங்களுக்கே தட்டிக்கொண்டார்கள்.
ஏழாம் நாற்காலி அழுதேவிட்டது.

அந்த இன்னொருவன் விலியாமி,
பக்கத்து ஓட்டலில் படுக்கைவிரிப்பு வெளுப்பவன்.
கட்டாயப் பந்தயத்துக்கே
அவனிடம் சில்லு பற்றவில்லை.
ராணியும் நாலும் வந்திருந்தன.
சீட்டைப் பார்த்தானா என்பதே சந்தேகம்,
தூங்கிவிட்டிருந்தான் என்றாள் அந்த மேசைக்காரி.

இடைவேளையில் புகைக்க வெளியே வந்தேன்.
கூரை விளிம்பின் கீழ் இருவரும்,
ஆளுக்கொரு உறை.
உள்ளே முந்நூறு,
காலையில் கட்டிய அதே முந்நூறு.

"உங்களிடம் என்ன இருந்தது?" என்றான் விலியாமி.
இந்தக் கேள்விக்காகக்
காத்துக்கிடப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்,
நிறுத்த நாளாகும்.
"ஒரு ஜோடி" என்றாள்.
"அட, பரவாயில்லையே."
"ஆமாம்."

அவள் தொலைபேசி அதிர்ந்தது.
கணவாயை மூடிவிட்டார்களாம்,
ஆள் போதவில்லையாம்.
"எந்தப் பக்கம் போகணும்?" என்று அவனைக் கேட்டாள்,
பதிலுக்கு நிற்காமல்
கண்ணாடிப் பனியைச் சுரண்ட ஆரம்பித்தாள்,
முதலில் அவன் உட்காரும் பக்கம்.

எனக்கு இன்னும் நாலு நிமிடம் இருந்தது.
மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டேன்.